அக்சாள் என்றால் கொலுசு

செப். 14, திங்கள்

விடாத தூறல். துணி ஒன்றும் காயவில்லை. பாப்பாவுக்கு இன்றோடு முப்பத்தெட்டு நாள். இன்னும் "பாப்பா"தான்.

செய்ய வேண்டியவை: பால்காரரிடம் அரை லிட்டர் ஜாஸ்தி கேட்க. கிரைப் வாட்டர். ஞாயிறு சபையில் பேர் சூட்டுகிறார்கள், பேரை எழுதி பாஸ்டரிடம் கொடுக்க.

அத்தை (டேனியலின் அம்மா) சொல்லும் பேர்கள்: எஸ்தர், மேரி, சாராள். கள்ளக்குறிச்சியில் எஸ்தர் என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அக்சாள்தான். பைபிளில் நாலு வரி வந்துவிட்டுப் போகிறவள். காலேபின் மகள். அப்பா கொடுத்தது காய்ந்த நிலம். கழுதையை விட்டு இறங்கி, தண்ணீர் உள்ள இடமும் வேண்டும் என்று நேராகவே கேட்டாள். அவரும் கொடுத்தார். அப்பாவிடம் வாய் திறந்து கேட்கத் தெரிந்தவள். எனக்கு அந்த வாய் இல்லை. பாப்பாவுக்காவது இருக்கட்டும்.

தியாகதுருகத்துக்கு, என் அப்பாவுக்கு, பாப்பா பிறந்ததைச் சொல்லி மூன்று கார்டு போட்டாயிற்று. பதில் இல்லை.

செப். 16, புதன்

பாஸ்டர் வந்தார். கக்கத்தில் பேர்களுக்கு அர்த்தம் போட்ட தடிப் புத்தகம். புரட்டினார். முகம் மாறியது.

"அக்சாள்னா எபிரேயத்துல கொலுசும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. எங்கள் சபையில் நகை கிடையாது. தோடு, மூக்குத்தி, தாலிகூட இல்லை.

"சபையில நின்னுகினு கொலுசுன்னு எப்பிடிம்மா கூப்புடறது? வேற பாரு. சனிக்கெழம வரேன்."

அத்தைக்கு ஒரே சங்கடம். "எஸ்தர்னு வச்சிட்டுப் போயேன்."

மாட்டேன். பிடிவாதம் எங்கள் வீட்டுச் சொத்து.

நாலு வருஷத்துக்கு முன், ஞானஸ்நானத்துக்கு முதல் நாள், நகை எல்லாம் கழற்றி அப்பா கையில் கொடுத்தேன். நிலத்தில் விளைந்த மல்லாட்டையை விற்றுச் செய்து போட்டவை. மாப்பிள்ளை கிறிஸ்தவர் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டவர், அன்றைக்குத்தான் உடைந்தார். "மூளியா நிக்கிறியே." அதோடு பேச்சு நின்றது. கல்யாணத்துக்கும் வரவில்லை.

செப். 17, வியாழன்

பஸ் இல்லை. இட ஒதுக்கீட்டு மறியல். விடிவதற்குள் புளியமரங்களை வெட்டி ரோட்டில் தள்ளிவிட்டார்களாம். கடை ஒன்றும் திறக்கவில்லை. பாலும் வரவில்லை. கிரைப் வாட்டர் நேற்றே வாங்கியிருக்க வேண்டும், என் சோம்பேறித்தனம்.

டேனியல் மலைமேல், வெள்ளிமலை விடுதியில் வார்டன். ஞாயிற்றுக்கு எப்படி இறங்குவார்? அத்தை மட்டும் அசரவில்லை. "எம்புள்ள நடந்தாவது வந்துடும்."

செப். 18, வெள்ளி

பகல் பதினொன்று. வாசலில் அப்பா. கையில் மஞ்சள் பை.

"சந்தைக்கு வந்தேன். பஸ்ஸு வுடல, மாட்டிக்கினேன். எங்க போறது, அதான்."

நான் மரம் மாதிரி நின்றேன். அத்தைதான் "வாங்க சம்பந்தி, உள்ள வாங்க" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அப்பா அதைக் குடிக்கவில்லை, காலில் ஊற்றிக்கொண்டார். முழங்கால் வரை சேறு.

அடுப்படியில்தான் உறைத்தது. பஸ் நேற்றே நின்றுவிட்டது. சந்தையும் கூடவில்லை. இன்றைக்கு வந்தவர் எப்படி மாட்டிக்கொள்வார்? தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அறுபத்திரண்டு வயசில், வெட்டிக் கிடக்கிற மரங்களைத் தாண்டித் தாண்டி.

கேட்கவில்லை. கேட்டால் ரோஷம் வந்து கிளம்பிவிடுவார்.

பாப்பாவைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மூக்கு நம்மூட்டு மூக்கு" என்றார். சோறு வடிக்கும்போது பாடிக்கொண்டே வடித்தேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செப். 19, சனி

பாஸ்டர் சைக்கிளில் வந்தார். வேறு பேர் யோசித்தாயா என்றார். இல்லை என்றேன். அப்பா பாப்பாவை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பேருங்க அது?"

பாஸ்டர் அர்த்தத்தைச் சொன்னார்.

"கொலுசா?" அப்பா முகம் அப்படியே மலர்ந்தது. "நல்ல பேராச்சே. இன்னா தப்பு?"

"எங்க சபையில நகை ஆவாதுங்க ஐயா."

"கால்ல போட்டாதானங்க நகை? பேருல கெடக்கட்டுங்க." பாப்பாவின் காலைத் தொட்டார். "இத யாரும் கழட்டி எங் கையில குடுக்க முடியாது பாருங்க."

பாப்பாவின் துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். அப்பாவைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பாஸ்டர் புத்தகத்தை மூடினார். "வேதத்துல இருக்கற பேருதான். வேணான்றதுக்கு நாம யாரு" என்றார். அவருக்கு ஸ்டிராங்காக டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஜாஸ்தி.

செப். 20, ஞாயிறு

மழை விட்டது. டேனியல் காலையில் வந்து சேர்ந்தார். மலையிலிருந்து நடந்து, கச்சிராயபாளையத்தில் படுத்து, மறுபடி நடந்து. தோளில் தேன் புட்டி, காலெல்லாம் முள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவைக் கண்டு டேனியல் "வாங்க மாமா" என்பதையே மூன்று தரம் சொன்னார்.

சபைக்கு வந்தது பதினோரு பேர். பாஸ்டர் பாப்பாவை உயர்த்தி, அக்சாள் என்றார், கணீரென்று.

அப்பா உள்ளே வரவில்லை. செருப்புகளோடு வெளியே நின்றார். முடிந்ததும் பாப்பாவை வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டு வழக்கப்படி காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொன்னார். மூன்றாவதுக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் அத்தை.

சொன்னார். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

செப். 24, வியாழன்

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது. டேனியல் வெந்நீர் வைத்தார், கையைச் சுட்டுக்கொண்டார்.

மறியல் முடிந்ததாம், பால்காரர் சொன்னார். ஏழரை மணிக்கே மெயின் ரோட்டில் ஹாரன். அப்பா பாப்பாவைக் காலில் போட்டு எண்ணெய் நீவிக்கொண்டிருந்தார். இன்னொரு ஹாரன், நீளமாக.

"பஸ்ஸு வுட்டுட்டாங்களா?" என்றார், நிமிராமல்.

"இன்னும் வுடலப்பா."

"அப்ப சரி."