திருப்பாத தட்டு

திரிபோலி,
ஞாயிறு, விடியும் முன்.

அன்பும் மரியாதையும் மிக்க ப்ளாசிடா அக்காவுக்கு,

வெனான்சியோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை லிட்டாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் எங்கள் மகள் ரோவெனாவும் நம் ஊர் இலோயிலோவில் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே ஃபோன் செத்துக் கிடக்கிறது. அதனால் இதைச் சொலேடாட் கையில் கொடுத்தனுப்புகிறேன். லிட்டாவோடு ஒரே வார்டில் வேலை பார்த்த நர்ஸ். நம் ஊர்க்காரர்களை ஏற்றிப்போகக் காலையில் வரும் கப்பலில் அவள் கிளம்பி, அக்கரையில் இறங்கி விமானத்தில் ஊர் வந்து சேர்வாள்.

அதே கப்பலில் நானும் வருவதாக உங்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். "அவ வரமாட்டேன்னா நீயாவது வந்து சேரு, புள்ளைக்கு ஒருத்தராவது வேணாமா?" என்று கடைசியாகப் பேசியபோது அழுதீர்கள். லிட்டாவும் அதையேதான் சொன்னாள். பெட்டி கட்டிவிட்டேன். நேற்று ராத்திரி நடந்ததைச் சொன்னால்தான் மீதி உங்களுக்குப் புரியும்.

கப்பல் ஏறுகிறவர்களுக்கு விருந்து வைத்தோம். கடற்கரையில் ஹாஜ் மிலூத் என்பவரின் சாப்பாட்டுக் கடை சண்டை தொடங்கியதிலிருந்து மூடித்தான் கிடந்தது. எங்களுக்காகத் திறந்தார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் தவறாமல் லிட்டாவின் வார்டுக்கு வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறவர். அடுப்படியை நம் பெண்கள் பிடித்துக்கொண்டு நூடுல்ஸ் கிளறினார்கள். விருந்துக்குப் பன்றி சுட இங்கே வழியில்லை. ஹாஜ் ஒரு முழு ஆட்டைச் சுட்டுக் கொடுத்தார். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? ஊர் வழக்கப்படி அதைப் படுக்கவைத்து வாயில் ஒரு தக்காளியைத் திணித்துவிட்டார்கள். "ஏம்ப்பா, செத்த ஆட்டுக்கு எதுக்குப்பா தீனி போடுறீங்க?" என்று ஹாஜ் கேட்டார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

லிட்டா நீங்கள் தைத்து அனுப்பிய மஞ்சள் கவுனைப் போட்டிருந்தாள். உதட்டுச் சாயமும் உண்டு. கூடப் பாடுகிறவர்களுக்கு மதிப்பெண் போடும் பாட்டு மெஷினை ஜெனரேட்டரில் ஓடவிட்டார்கள். மைக்கை முதலில் பிடுங்கியது அவள்தான். உங்கள் குடும்பத்தின் குரல் வளம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மெஷின் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டது, எனக்குப் பாதிகூட இல்லை. "ஊரு ஏசியெல்லாம் ரிப்பேர் பண்றியே, உன் தொண்டைய எப்பப் பண்ணப்போற?" என்று எல்லோர் முன்னாலும் வாரினாள். விமான நிலையப் பக்கம் பீரங்கிச் சத்தம் கேட்டதும் யாரோ பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அவள் ஆடிக்கொண்டே இருந்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் அப்படிச் சிரித்து. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு இதைப் பார்க்க நான் இருக்கமாட்டேனே என்றும் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். பாதியில் ஆஸ்பத்திரி டிரைவர் வந்து நின்றான். சண்டை நடக்கும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராம், லிட்டாவின் வார்டு நோயாளி. வழியில்லாமல் அடுத்தடுத்து சிகிச்சை தவறிப்போய், சத்தம் சற்று ஓய்ந்த நேரம் பார்த்து எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறார். மூச்சு இழுக்கிறதாம். சொலேடாட் எழுந்தாள். லிட்டா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, "நீ விடியுறதுக்குள்ள துறைமுகத்துல இருக்கணும், சாப்பிடு" என்றாள். இனிமேல் அந்த இயந்திரங்கள் தெரிந்தவர்கள் இவளும் ஒரு மலையாளப் பெண்ணும்தான்.

லிட்டா கைப்பையை எடுத்ததும் மேசையில் எல்லோரும் தட்டை ஒரு சுற்றுத் திருப்பினார்கள். ஹாஜ் என்னவென்று கேட்டார். சாப்பாட்டு நடுவில் ஒருவர் எழுந்து போனால் இருக்கிறவர்கள் தட்டைத் திருப்ப வேண்டும், அப்போதுதான் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர்வார் என்று சொலேடாட் அரபியில் சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் தன் தட்டையும் திருப்பினார்.

என் தட்டு மட்டும் அப்படியே இருந்தது. லிட்டா அதைப் பார்த்துவிட்டு, "ம், திருப்பு" என்றாள். தட்டில் கை வைத்தேன். திருப்புகிறவன் மேசையிலேயே இருந்துவிடுகிறவன் அல்லவா? என்னால் முடியவில்லை, அக்கா. எழுந்து அவள் பின்னாலேயே போய் வண்டியில் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் திட்டினாள். "புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவ? உனக்கு மூளை இருக்கா?" என்றாள். துப்பாக்கிப் பையன்கள் வண்டியை நிறுத்தி விளக்கடித்தபோது என் சட்டைக் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை விடவில்லை.

இப்போது வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்; முடித்ததும் டிரைவர் இதைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போய்ச் சொலேடாட்டிடம் கொடுப்பான். வாத்தியாருக்கு மூச்சு சீராகிவிட்டதாம். லிட்டா மஞ்சள் கவுனுக்கு மேலேயே அங்கியை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஜெனரேட்டரைப் பார்க்க இங்கே ஆளில்லை, நான் உதவுவேன் என்று உங்களுக்கு எழுதலாம். அது சாக்கு. அவளைத் தனியாக விட்டுவர மனசு வரவில்லை, அவ்வளவுதான். என்னைத் திட்டுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு. மனைவி பின்னால் வந்தவன் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும்.

என்னை அழைக்க வந்த நீங்கள் இதைச் சொலேடாட்டிடம் வாங்கி நம் ஊர் விமான நிலையத்திலேயே பிரித்துப் படிப்பீர்கள் என்று தெரியும். ரோவெனா பக்கத்தில் நின்று கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருப்பாள். முதலில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அக்கா. எப்போது வருவோம் என்று கேட்டால் நாள் எதுவும் சொல்லாதீர்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய் இல்லை.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உங்கள் தங்கையின் கணவன்,
வெனான்சியோ