கம்பளிக்குள் மல்லி

12 பிப்ரவரி 1979, திங்கள். ஜமுனாமரத்தூர்.

ஒரு மானக்கேட்டை எழுதிவிட்டுத்தான் இன்றைக்குச் சோறு.

காலையில், மாதா கோயில் கல்யாணத்துக்காகக் கட்டிய மணப்பெண் மாலையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். வயது நாற்பத்து நான்கு. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, இடுப்பில் நார் உருண்டை. சும்மா நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, வெட்கப்படுவது எப்படி என்று பழகிக்கொண்டிருந்தேன். பூக்கூடைகளை ஏற்றிப்போக ஜீப் அடைக்கலம் அந்த நேரம் பார்த்தா உள்ளே வரவேண்டும்?

"அளவு பாக்குறேன்" என்றேன்.

மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அளவு சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒருத்தி கழுத்தில் ஏறி இறங்கியதை இன்னொருத்திக்குப் போட முடியுமா? அவசரமாக வேறொன்று கட்டினேன். முதல் மாலையை மாதா சுரூபத்துக்குச் சாத்திவிட்டேன். அவள் என்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.

15 பிப்ரவரி, வியாழன்

மூன்று நாளாக அந்த 'சரியாத்தான் இருக்குது' காதிலேயே ஓடுகிறது. என்ன அர்த்தத்தில் சொன்னார்? மாலையைத்தான் சொன்னார். வேறு எதைச் சொல்லப்போகிறார். மதலேனா, உனக்கு வேறு வேலை இல்லையா?

அவரைப் பற்றி எழுதக்கூடாது என்றிருந்தேன், எழுதிவிடுகிறேன். பெண்டாட்டியை இழந்து எட்டு வருஷம் ஆன மனுஷன். போளூரிலிருந்து என் பூவெல்லாம் அவர் ஜீப்பில்தான் மலை ஏறுகிறது. கொண்டைஊசி வளைவுகளில் மற்ற ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள், இவர் பூக்கூடையை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். இந்த ஊரில் ஆண்பிள்ளை என்று இருப்பவர்கள் எல்லாருமே எனக்கு 'அண்ணே'தான். இவரை மட்டும் நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேவைப்பட்டால் இருமுவேன். எனக்குக் காசநோய் என்று அவர் நினைத்திருந்தாலும் தப்பில்லை.

20 பிப்ரவரி, செவ்வாய்

டீக்கடை பச்சையம்மா ஒரு சேதி வைத்திருந்தாள். பொதுவாக அவள் சேதியில் பாதியை நான்தான் அவளுக்குக் கொடுத்திருப்பேன், அதனால் நம்பமாட்டேன். இது புதுசு. அடைக்கலத்துக்கு ஆலங்காயத்தில் ஒரு டீச்சரம்மாவைப் பார்த்திருக்கிறார்களாம். ஈஸ்டர் கழித்துக் கல்யாணமாம். டீச்சரம்மா சைக்கிள் ஓட்டுமாம்.

"நீதான்கா மேடை போடுவே" என்றாள் பச்சையம்மா.

போடுவேன் என்றேன். டீயில் சர்க்கரையே இல்லை என்று சண்டை போட்டேன். சர்க்கரை இருந்தது.

28 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல், கையில் வேலை இல்லை. இனி ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம், பீடத்தில் பூ கிடையாது, கோயிலில் கல்யாணமும் கிடையாது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள இந்த வயதில் முடியுமா என்று யோசித்தேன். கூடப்பிறந்த அண்ணன் ஆரோக்கியதாஸின் தபால் சைக்கிள் வாசலில் நின்றது. ஏறவில்லை. தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

3 மார்ச், சனி

கர்த்தர் கைவிடவில்லை. புதூர்நாட்டுப் பக்கம் மேட்டுக்கொல்லையிலிருந்து புளி வியாபாரி பஞ்சாட்சரம் வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் செந்தாமரைக்கு வியாழக்கிழமை கல்யாணம். கோயில் கல்யாணத்தில் நான் போட்ட மேடையைச் சந்தைக்கு வந்தபோது பார்த்தாராம். ஆனால் சாமந்தி வேண்டாமாம். மணமேடைக்குப் பின்னால் முழுக்க மல்லிச் சரம் தொங்கவேண்டும், வாசலில் நுழையும்போதே வாசனை ஆளைத் தள்ளவேண்டும் என்கிறார். அவர்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. தம்பி தாண்டவராயன் அதெல்லாம் வெட்டிச் செலவு என்று வீட்டில் குதிக்கிறாராம்.

முகூர்த்தம் விடியற்காலை ஐந்து மணிக்கு. முதல்நாள் மாலையே போய்க் கட்டிவிட வேண்டும். வண்டி, வேறு யார், அவர்தான். இருமிச் சொன்னேன். சரி என்றார்.

9 மார்ச், வெள்ளி

நேற்று விடிந்த கல்யாணத்தை இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். கை இன்னும் மணக்கிறது.

புதன்கிழமை மதியமே போளூர் மொக்கு வந்துவிட்டது. வாழை மட்டையில் சுற்றி, ஈரத்துணி போட்டு, முத்து மாதிரி. நானும் துணைக்கு வந்த பெண்களும் சரம் தொடுத்தோம். பொழுது சாய மேட்டுக்கொல்லை போய்ச் சேர்ந்தோம். என் கணக்கு மிகச் சுலபம்: போளூரில் மதியம் வாங்கிய மொக்கு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு விரிந்துவிடும். விடியற்காலையில் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் போளூரில் அடிப்பது வெயில். மேட்டுக்கொல்லையில் அடிப்பது என்ன? மாசி மாதம் கடைசியிலும் பல் கிட்டும் குளிர். மலையில் பத்து வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியவேண்டாமா? கோயிலுக்கு நான் வைப்பதெல்லாம் சாமந்தியும் சம்பங்கியும். வாங்கும்போதே விரிந்திருக்கும், குளிராவது ஒன்றாவது. மல்லியை இந்த அளவுக்கு மலை ஏற்றியது இதுதான் முதல்தடவை.

சரமெல்லாம் தொங்கவிட்டாயிற்று. விளக்கு வைத்தாயிற்று. ஒரு மொக்கு வாய் திறக்கவில்லை. வாசனை? கிட்டே போய் மூக்கை வைத்தால் வாழை மட்டை வாசனை.

தாண்டவராயன் வந்து இடுப்பில் கைவைத்து மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, சாமை அரிசிய கோத்து எட்த்தாந்துக்கிறியா? ஒலையில போட்டா நாளைக்குப் பந்திக்கு ஆவும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் வாசனையைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார் மனுஷன். செந்தாமரை கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒரு சரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஊதிப் பார்த்தேன். பிச்சிப் பார்த்தேன். அழவில்லை என்று எழுத ஆசைதான். அடைக்கலம் வந்து தன் கம்பளியை எடுத்து என்மேல் போர்த்திவிட்டு, அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். டீசல் நாற்றம் பிடித்த கம்பளி. சொர்க்கத்திலும் அப்படி ஒன்று தருவார்களா தெரியாது.

கொஞ்ச நேரம் போயிற்று. டீசல் நாற்றத்துக்குள்ளிருந்து வேறொரு வாசனை வந்தது. கம்பளியை விலக்கினேன். மடியில் கிடந்த சரத்தில் பாதி மொக்கு விரிந்திருந்தது.

பிறகு நடந்ததைச் சொன்னால் ஜமுனாமரத்தூரில் யாரும் நம்பவில்லை. சரத்தையெல்லாம் கழற்றி, பெண்வீட்டார் மாப்பிள்ளைவீட்டார் என்று பாராமல் பங்கு போட்டோம். நெருப்பைச் சுற்றி ஊரே கம்பளி போர்த்தி உட்கார்ந்தது, ஆளுக்கு இரண்டு சரம் மடியில், அடைகாக்கும் கோழிகள் மாதிரி. எழுந்திருக்கக் கூடாது, புரளக் கூடாது, சுருட்டு பிடிக்கக் கூடாது என்று நான் ஒருபக்கம் அதட்டிக்கொண்டே சுற்றினேன். தாண்டவராயனுக்கு நாலு சரம் கொடுத்தேன். ஆள் அகலம். கொஞ்ச நேரத்தில் அவரே பக்கத்தில் இருந்தவரிடம், உன்னுது இன்னும் தொறக்கலியா, என்னுது எல்லாம் தொறந்துட்ச்சி என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

சுற்றி முடித்துவிட்டு ஜீப் படிக்கே திரும்பி வந்தேன். இன்னொரு சரம் பாக்கி இருந்தது. அவர் மடியில் இருந்தது. அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ, கேட்டே விட்டேன்.

"டீச்சரம்மா கல்யாணத்துக்கும் மல்லிதான் போடட்டுமா?"

"எந்த டீச்சரம்மா?"

"ஆலங்காயத்துல. சைக்கிள் ஓட்டுறவங்க."

"அவங்க தம்பிக்கு ஜீப் ஓட்டக் கத்துக்குடுக்கிறேன். அவங்களுக்குப் புருசன் கீறாரு."

பச்சையம்மா வாயில் ஒரு கூடை மண் விழ என்று நினைத்தேன். வெளியே, "அப்ப உங்க கல்யாணத்துக்கு நான் மேடை போட வேண்டாம்" என்றேன்.

"நீங்க போட முடியாதுங்க."

"ஏன், என் வேலைக்கு இன்னா கொறைச்சல்?"

"கொறைச்சல் ஒண்ணும் இல்ல. மேடை போடறவங்களே மேடையில ஒக்காந்துட்டா, அப்புறம் யாரு போடறது?"

அவர் மடியில் இருந்த சரத்தை எடுத்து, விரிந்ததா என்று ஒவ்வொரு மொக்காகப் பார்த்தேன். இருமக்கூட வரவில்லை.

விடியற்காலை முகூர்த்தத்தில், பஞ்சாட்சரம் விரும்பிய மாதிரியே, வாசலில் நுழைந்தவர்களை வாசனை தள்ளியது. ஓரத்தில் லேசாகக் கம்பளி வாடையும் சுருட்டு வாடையும் இருந்ததை மேடைக்குக் கிட்டே போனவர்கள் மட்டும் அறிவார்கள். செந்தாமரை மேடையில் உட்கார்ந்து, குனிந்த தலையோடு, கண்ணை மட்டும் உயர்த்தி என்னைத் தேடிச் சிரித்தாள்.

10 மார்ச், சனி

பச்சையம்மா கடையில் டீ குடித்தேன். அவளுக்குச் சேதி எதுவும் கொடுக்கவில்லை. சர்க்கரை சரியாக இருக்கிறது என்றேன். என்னக்கா, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

15 ஏப்ரல், ஈஸ்டர்

பீடத்துக்குப் பூ வைத்தேன். பங்குச் சாமியார் கொஞ்சம் அதிகம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

29 ஏப்ரல், ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். 'அடைக்கலத்துக்கும் மதலேனாளுக்கும்' என்று சாமியார் சொன்னதும் பின்னால் யாரோ ஒரு கிழவி, எந்த மதலேனாள், பூக்கார மதலேனாளா, என்று உரக்கக் கேட்டாள். ஆமாம், அதே சரக்குத்தான். விற்றுப்போயிற்று.

21 மே, திங்கள்

இன்றைக்கு எங்கள் கல்யாணம், எழுத நேரமில்லை. இடது பக்கத் தூணில் சம்பங்கி சரிந்திருந்தது. பட்டுச் சேலையோடு ஸ்டூல் மேல் ஏறி நானே சரிசெய்தேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

3 ஜூன், ஞாயிறு

அண்ணன் ஆரோக்கியதாஸ் சாப்பிட வந்திருந்தான். நானும் மேட்டுக்கொல்லைக் கதையை ஆதியோடந்தமாக எடுத்துவிட்டேன்: கம்பளி, மல்லி, என் தைரியம். வாய் பேசாத மனுஷனை நான் எப்படிப் பேசவைத்தேன் என்று சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். அவர் குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அண்ணன் கேட்டு முடித்துவிட்டுச் சாவகாசமாகக் கையை நக்கினான்.

"இவர் போன கிறிஸ்துமசுக்கே பொண்ணு கேட்டு வாசல்ல வந்து நின்னாரு. அடைக்கலம் வந்துக்கிறாருன்னு கொரல் குடுத்தேன். நீதான், குடிலுக்குப் பூ வெச்சிக்கினு, உள்ளேருந்து சொன்னே: இப்ப கை ஒழியாது, தவக்காலத்துல வரச் சொல்லு."