நீல டிரம்மும் நடுத்துண்டமும்

தம்பி,

நாளைக்கு ஆயுத பூஜை. காலையிலிருந்து கழுவிக்கொண்டே இருக்கிறேன். அரிவாள்மணை, தையல் மெஷின், காஸ் அடுப்பு எல்லாம் முடித்து உன் நீல டிரம்மிடம் வந்தேன். மேலே இருக்கிற பெயிண்ட் வாளியின் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. மழை ஓய்ந்த ஏரிக்கரையில் அடிக்குமே, அது. ஸ்பாஞ்சை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் உன் குரல் கேட்கிறது: "அண்ணி, கைய எடுங்க."

என் வீட்டுக்காரருக்குத் தம்பி நீ. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் எங்கள் மாடி அறையில்தான் இருந்தாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஞாயிறுதோறும் சேக்காளிகளோடு ஏரிக்குத் தூண்டில் போடக் கிளம்பினாய். விராலுக்கு இரையாக உயிரோடு துள்ளுகிற கெண்டைக் குஞ்சு வேண்டும். செத்ததை அது சீந்தாது. வியாழக்கிழமை நீ வாங்கிவரும் குஞ்சுகளோ சனிக்கிழமைக்குள் வாளியில் மல்லாந்துவிடும். அதற்காகத்தான் அந்த டிரம்மைக் கொண்டுவந்தாய். நான் துணி துவைக்கிற இடத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தாய்.

டிரம்முக்குள் சின்ன மோட்டார். அது தண்ணீரை மேல் வாளிக்கு ஏற்றும். வாளியில் ஸ்பாஞ்சு, அதன் கீழே ஜல்லி, அடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். அழுக்கை மேலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் மழை மாதிரி டிரம்முக்குள் விழும். ஒரு மாதத்தில் தெளிந்துவிட்டது. வாரம் முழுக்கக் குஞ்சுகள் ஓடி விளையாடின.

அந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. வீட்டுச் சாமானெல்லாம் பளபளக்க, உன் ஸ்பாஞ்சு மட்டும் கறுப்பாக இருந்தால் என் கண் பொறுக்குமா? சோப்புத்தூள் போட்டுக் கசக்கினேன். ஜல்லியையும் தேய்த்தேன். பாதித் தண்ணீரை மாற்றிக் குழாயிலிருந்து புதுசாகப் பிடித்து ஊற்றி, வாளிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் காலையில் ஒரு குஞ்சு மிச்சமில்லை.

நீ திட்டியிருந்தால் மறந்திருப்பேன். சந்தில் நின்று சிரித்தாய். "எங்க அண்ணி மீனுங்களுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிட்டாங்கப்பா."

எதிர்வீட்டுக் கன்னடக்காரியும் மீன் குளித்தாயிற்றா என்று கேட்காமல் விடவில்லை. "ஏனக்கா, மீனுக்கு ஸ்நானா ஆய்த்தா?"

அன்றிலிருந்து நான் சோப்பு அண்ணி. காய்வண்டிக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். உன்னோடு பேச்சை நிறுத்தினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: சந்து கேட்கச் சிரித்தவன், சந்து கேட்கவே என் பெயரைத் திருப்பித் தரவேண்டும்.

நீ மாடிப்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சொல்வாய்: "அந்த அழுக்குலதான் தண்ணிய சுத்தம் பண்ற கிருமி குடியிருக்கு. ஸ்பாஞ்ச டிரம்முத் தண்ணியிலயே பிழியணும். குழாத்தண்ணியில மருந்து இருக்கு, ஒரு நாள் தொறந்து வெச்சுதான் ஊத்தணும்." மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கேட்காத மாதிரி இருந்துகொண்டே ஒரு சொல் விடாமல் படித்துக்கொண்டேன். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் நீ.

ஞாயிறு சாயங்காலம் விராலின் நடுத்துண்டம் மட்டும் அடுப்படி வாசலுக்கு வரும். சமாதானம் பேசுகிறாயாம். பதில் பேசாமல் வாங்கிக் குழம்பு வைப்பேன்.

ஒரு சனிக்கிழமை தூண்டில் நரம்பு வாங்க சிவாஜிநகர் போயிருந்தாய். மத்தியானம் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சொம்பை எடுத்தேன். டிரம்முத் தண்ணீரையே மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, காற்று கலக்கச் சளசளவென்று திரும்ப ஊற்றினேன். நாலு மணிக்குக் கரண்ட் வரும்வரை விடவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. நீ வந்து ஈரத் தரையைப் பார்த்தாய், டிரம்முக்குள் பார்த்தாய், என் ஈரப் புடவையைப் பார்த்தாய். நான் தலை நிமிராமல் தேங்காய் துருவினேன்.

மறுநாள் முழங்கை நீள விராலோடு வந்தாய். சந்தில் நின்று சேக்காளிகளிடம் சத்தமாகச் சொன்னாய்: "இது எங்க அண்ணி காப்பாத்துன குஞ்சுக்கு விழுந்தது. இனிமே எவனாவது சோப்பு அண்ணின்னு சொன்னான், டிரம்முல முக்கிடுவேன்."

அப்புறம் அடுப்படிக்கு வந்து கேட்டாய். "அண்ணி, காதுல விழுந்துச்சா?"

"எது?" என்றேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை. உன் முகம் தொங்கிப்போனது. நடுத்துண்டத்தை வைத்துவிட்டுப் போனாய்.

இப்போது சொல்கிறேன். ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் சமாதானமாகி, நடுத்துண்டம் உன் சேக்காளிகளுக்குப் போயிருக்கும். அதனால் நீ இருந்தவரை முகத்தைத் தூக்கியே வைத்திருந்தேன்.

உன் சேக்காளிகள் இப்போதும் ஞாயிறு காலையில் வாளியோடு என் வாசலுக்கு வந்து, "அண்ணி, குஞ்சு" என்கிறார்கள். சாயங்காலம் நடுத்துண்டம் வந்துவிடுகிறது. இன்றைக்கு ஸ்பாஞ்சை டிரம்முத் தண்ணீரிலேயே பிழிந்து, கறுப்பாகவே திரும்ப வைத்தேன். குங்குமம் வெளியே மட்டும்.

சோப்புக் கோபம் அந்த ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிட்டது, தம்பி. துணி துவைக்கிற இடத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாயே, அது இன்னும் தீரவில்லை. அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி