சாருகேசி என்று எழுதிக் கொடுத்தேன்

புரட்டாசி 14, திங்கள்
காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. பிடிலுக்கு இரண்டாம் தந்தி மாற்றியாச்சு. வாங்க வேண்டியது: வில்லுக்கு ரோசின், சாம்பிராணி, நிலக்கடலை (அவருக்கு).

ராஜஸ்தானிலிருந்து வீட்டுக்காரர் போன். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு போய் ஏழு மாதம். "கடைசி போர் ஒண்ணுதான் புள்ள. வெள்ளி முடிச்சுட்டு சனிக்கிழமை ரயிலேறி வாரேன்." ரொம்ப நாளைக்கப்புறம் சாப்பாடு ருசித்தது.

கிளம்பின அன்றைக்கு நடந்தது இன்னும் உறுத்துகிறது. ஒரு படத்தின் பின்னணி இசை அவருக்கு உயிர். வண்டியில் எப்போதும் அதுதான். "ஒருக்கா வாசியேன்" என்றார். "இதெல்லாம் சங்கீதமா?" என்றேன். பதினைந்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்த திமிர். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

புரட்டாசி 17, வியாழன்
சுள்ளென்று வெயில். நாளை கோவிலில் நவராத்திரிக் கச்சேரி. நாலு நாளாக அவர் கேட்ட அந்தப் பட இசைதான் சாதகம். சாருகேசி ராகம்தான். நடுவில் ஓரிடத்தில் ராகத்துக்கு ஆகாத ஸ்வரம் ஒன்று. என் வாத்தியார் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். எனக்கோ அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கத் தோன்றுகிறது. இது சாஸ்திரீயமா இல்லையா, தெரியவில்லை. கீர்த்தனைக்குப் படும் பாட்டைத்தான் விரல் இதற்கும் படுகிறது.

கமிட்டிச் செயலாளர் வந்தார். "லிஸ்ட் குடுங்க அம்மிணி. சினிமா மட்டும் வேண்டாமுங்க." சரிங்க என்று தலையாட்டி, கடைசியில் 'சாருகேசி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ராஜஸ்தானுக்குப் போன். "நாளைக்கு ஆறு மணிக்குக் கூப்புடுவேன். காதுல வெச்சுக்குங்க." எதற்கென்று சொல்லவில்லை.

புரட்டாசி 18, வெள்ளி
மாலை ஆறு மணி. போன் மடியருகே. அந்தப் பக்கம், குழிக்குள் காற்றடிக்கும் கம்ப்ரசர் இரைச்சல் மட்டும். வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. லைன் போய்விட்டதென்று நினைத்தேன். இருந்தும் அவருக்காகத்தான் வாசித்தேன்.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தன வருசமாச்சுங்க இப்புடிச் சுத்தமாக் கேட்டு!"
"அது சினிமா இசைங்க."
"வெளையாடாதீங்க அம்மிணி."
நம்பவே இல்லை. ஜெயித்த மாதிரிதான். ஆனால் வீட்டுக்காரர் கேட்டாரா? மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

புரட்டாசி 19, சனி
தூறல். பத்து மணிக்குத்தான் அவர் போன்.
"ரயிலேறியாச்சுங்களா?"
"இல்ல புள்ள. வர இன்னும் பத்து நாளாகும். தொளைக்கற ராடு குழிக்குள்ள மாட்டிக்கிச்சு."
"எப்புடிங்க?"
"ஓடற மெசின நடுவுல நிறுத்திப்போட்டேன். காத்து நின்னதும் மண்ணு எறங்கி இறுக்கிக்கிச்சு."

பதினெட்டு வருடமாக ரிக்கில் இருக்கிற மனுசன். புதிதாக வேலைக்கு வருகிற எவனுக்கும் இவர் முதலில் சொல்வதே, பாதியில் காற்றை நிறுத்தாதே என்பதுதான்.

"ஏனுங்க நிறுத்துனீங்க?"
"அந்தச் சத்தத்துல நீ வாசிக்கறது கேக்கல புள்ள."

பத்து நாள். திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அப்புறம் சொன்னார்: "இன்னைக்கு மெசின் ஓடாது. இன்னொருக்கா வாசி."