வேலுத்தாய் கிழித்த பூத்தாள்

அன்பு மகள் அழகுமீனாவுக்கு,

ஆனைக்குட்டத்திலிருந்து அம்மா பாண்டிச்செல்வி எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்கி, தெம்பாக இருப்பாய் என்கிற தைரியத்தில் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை, அணையில் தண்ணீர் கிடக்கிறது, காலையில் அந்தப் பக்கம் நடந்தால் காற்றே குளுகுளு என்று இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தீபாவளி சீசன் முடிந்து லாரிக்கு லோடு ஏற்றும் வேலை இல்லாததால் வீட்டில்தான் இருக்கிறார், இருக்கிற ஆள் சும்மா இருக்காமல் உடைந்த கூரை ஓடுகளை எல்லாம் மாற்றி என்னையும் ஏணி பிடிக்க வைத்துவிட்டார். நான் பிரஸ்ஸுக்கு எப்போதும்போல் போய்வருகிறேன், காலண்டர் வேலை மும்முரமாக நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக் கடைக்கார அருணாதேவி அம்மாவின் கார்டு ஆர்டரை நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் நீ அனுப்பிய செய்தியை அப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வாக்குக் கொடுத்திருந்தேனே அம்மா, என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்று கேட்டிருக்கிறாய். கோபத்தில் கேட்டதுபோல் இருந்தது. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நம் பக்கத்து வீட்டு வேலுத்தாய் சித்திக்கு நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், நீ விமானம் ஏறிய பிறகு நடந்தது அல்லவா. அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்ததில் உயிர் தப்பியதே பெரிது, ஆனால் இரண்டு கையும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் தோல் எடுத்து ஒட்டினார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும், மற்ற விரல்கள் மடங்கினது மடங்கினதுதான். விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், அவளோ வீட்டை விட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டாள். வந்தாலும் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொள்வாள். கடைக்குப் போனால் காசைக் கூடைக்குள்ளிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பாளாம். கலகலப்பான மனுஷி, எப்படி இருந்தவள் என்று உனக்கே தெரியும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

எங்கள் பிரஸ்ஸில் பரிசுப் பொருள் சுற்றுகிற பூத்தாள் அடிக்கிறார்கள். அதில் ஓரம் வெட்டிக் கழிப்பது, மிஷின் ஓட ஆரம்பிக்கும்போது கலர் சரியாக விழாமல் போவது என்று தினமும் குவியும். எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குத்தான் போகும். முதலாளி பாலகுருவிடம் கேட்டேன், அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வேலுத்தாய் முன்னால் கொட்டி, இதில் எதற்கு எது சேரும் என்று பிரித்துக் கொடு, நான் அட்டையில் ஒட்டி வாழ்த்துக் கார்டு செய்து பார்க்கப்போகிறேன் என்றேன். என் மனதில் இருந்ததெல்லாம் அவள் விரலுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். அவள் குனிந்து குவியலைக் கண்ணாலேயே துழாவினாள். அப்புறம் மயில்கழுத்து நிறத்துப் பூத்தாளையும் மஞ்சள் கட்டம் போட்டதையும் புறங்கையால் தள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் அந்த இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கவே மாட்டேன் மீனா, வைத்ததும் பளிச்சென்று இருந்தது.

கத்தரி அவள் கையில் நிற்காது. அதனால் தாளை இடது முழங்கைக்குக் கீழே அமுக்கிக்கொண்டு, வலது கட்டைவிரலும் உள்ளங்கை ஓரமும் கொண்டு மெதுவாக இழுத்துக் கிழிப்பாள். முதலில் கண்டபடி கிழிந்தது. பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “யக்கா, இங்கன பாரு. என்னைப் பாத்து இழுத்தா பூவுக்கு ஓரத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி வருது. அந்தப் பக்கமா இழுத்தா வரமாட்டேங்குது” என்றாள். இத்தனை வருஷம் தாளோடு கிடக்கிறேன், நான் வெட்டியே பழகினவள், இதைக் கவனித்ததில்லை. அந்த வெள்ளை ஓரத்தை வைத்தே மலை செய்தாள், அலை செய்தாள், பொங்கல் பானையில் பொங்கி வழிகிற நுரை செய்தாள். பட்டாசு வேலைக்குப் போகிற நம் தெரு முருகேஸ்வரி பார்க்க வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், தெருவில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். கிழிப்பது வேலுத்தாய், மடிப்பது நான், ஒட்டுவது மற்றவர்கள் என்று ஆனது. நான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன், நீ உன் சிநேகிதி மூலமாக அருணாதேவி அம்மாவைப் பிடித்துக் கொடுத்தாய். அந்த நன்றி எங்கள் எல்லோருக்கும் உண்டு.

அந்த அம்மா சென்னையிலிருந்து காரில் வந்தார். நல்ல மனுஷி, வெயிலோடு வந்தவர் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பார்த்தார். தன்னுடைய கடைகள் எல்லாவற்றிலும் வைக்கிறேன், கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்யுங்கள் என்றார். முருகேஸ்வரி சந்தோஷத்தில் காப்பியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அப்புறம்தான் அவர் வேலுத்தாயின் கையைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று விசாரித்துக் கண் கலங்கினார். அது பொய்க் கண்ணீர் இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: ஒவ்வொரு கார்டின் பின்பக்கமும் இந்தக் கையின் போட்டோவை அச்சடிக்க வேண்டும், பட்டாசு விபத்தில் தப்பித்தவர் செய்தது என்று கீழே போட வேண்டும், கதை தெரிந்தால் ஜனங்கள் விலை பார்க்காமல் வாங்குவார்கள், அதில் உங்கள் வைத்தியத்துக்கும் ஆகும். போனைக் கையில் எடுத்து, “கையைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுறீங்களாம்மா” என்று கேட்டார்.

வேலுத்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு போட்டோதானே, போனால் போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளே பேசட்டும் என்று இருந்தேன். “ஆஸ்பத்திரியில ஒருத்தன் வந்து போட்டோ எடுத்தான்க்கா. மறுநா பேப்பர்ல வந்துச்சு. எம் மூஞ்சி இல்ல, எம் பேரு இல்ல, வெந்த கை மட்டும். இப்பத்தான் இந்தக் கையால ஒண்ணு செஞ்சிருக்கேன். அதுக்குப் பின்னாலயும் அதே போட்டோவா? அப்ப கார்டு எதுக்கு, கையவே விக்கச் சொல்லு” என்றாள். அழவில்லை. கோபமாகச் சொன்னாள். விபத்துக்குப் பிறகு அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பி வந்து அருணாதேவி அம்மாவிடம் கும்பிட்டுச் சொன்னேன். “அம்மா, கார்டு எம்புட்டு வேணாலும் தாரோம். போட்டோ வேண்டாம். அவ கை அவளோடது” என்றேன். அவர் கோபிக்கவில்லை, பொறுமையாகத்தான் பேசினார். போட்டோ இல்லாமல் இத்தனை கடைக்கு எடுக்க முடியாது, கதை இருந்தால்தான் இது ஓடும், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னதில் வியாபாரக் கணக்கு இருக்கலாம், எனக்கு அது தெரியாது. போய்ட்டு வாங்கம்மா என்று கார் வரைக்கும் போய் அனுப்பிவைத்தேன். முருகேஸ்வரி என் மேல் பாய்ந்துவிட்டாள். “அவளுக்கு ரோசம்னா எங்களுக்கு வயிறு இல்லையா? தீபாவளிக்கு அடைச்ச கம்பெனி தொறக்குறவரைக்கும் நாங்க என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு, பசைக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டதும் நியாயம்தான். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கூரை ஓடுகளைத் துடைத்துக்கொண்டே, “வேலுத்தாய் சொன்னா சரிதான். ஆனா செஞ்ச கார்ட விக்கிற வழியப் பாருங்க, வீட்ல அடுக்கி வச்சா கரையான்தான் திங்கும்” என்றார்.

அடுத்த வாரம் பிரஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு கார்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் வேலுத்தாய் சேலை மாற்றி, தலை வாரிப் பூ வைத்து நிற்கிறாள். நானும் வாரேன், நான் கலர் சேர்த்ததைச் சொல்லத் தெரியாமல் நீ முழிப்பாய் என்றாள். பஜாரில் முதல் இரண்டு கடைகளில் வேண்டாம் என்றுவிட்டார்கள், இப்போதெல்லாம் எல்லோரும் போனிலேயே வாழ்த்து அனுப்பிவிடுகிறார்களே என்றார்கள். மூன்றாவது, பேன்சி சாமானும் நோட்டும் விற்கிற பெரிய கடை. கடைக்காரர் கல்லாவில் இருந்தார். நான் பையைத் திறப்பதற்குள் வேலுத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள், வைத்து ஒவ்வொரு கார்டாகத் தள்ளித் தள்ளிப் பரப்பினாள். கடைக்காரரும் கடையில் நின்றவர்களும் அந்தக் கையையே பார்த்தார்கள். அவள் தலையைத் தூக்கி, “கையைப் பாக்காதீக அண்ணாச்சி, கார்டைப் பாருங்க. எந்தக் கடையிலயும் இந்த ஓரம் கிடைக்காது” என்றாள்.

அவர் கூச்சப்பட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை எடுத்தார். ஓரத்தை விரலால் தடவினார். எப்படி இப்படி வெள்ளையாக வருகிறது, மிஷினா என்று கேட்டார். “அது எங்க தொழிலு, சொல்ல மாட்டோம்” என்று சிரித்தாள் வேலுத்தாய். அவர் விலையைக் குறைக்கப் பார்த்தார், இவள் விடவில்லை. நான் சரி என்று தலையாட்டப் போனேன், மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். கடைசியில் கொண்டுபோனது அத்தனையும் அவள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டு, பொங்கலுக்குக் கரும்பும் பானையும் போட்டு இன்னும் வேண்டும் என்று முன்பணமும் கொடுத்தார். அருணாதேவி அம்மாவின் ஆர்டர் அளவுக்கு இது வராது, அதை மறைக்கவில்லை. ஆனால் தொடங்கியிருக்கிறோம், இனி சாத்தூர், ராஜபாளையம் என்று கேட்டுப் பார்ப்போம், நடக்கும். ஊருக்கு வந்ததும் நேரே முருகேஸ்வரி வீட்டுக்குப் போய் வேலுத்தாய்தான் கூப்பிட்டாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள், கொஞ்ச நேரத்தில் பசை கட்டியாக இருக்கிறது என்று எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள், அப்போதே எனக்கு நிம்மதி.

முந்தாநாள் அருணாதேவி அம்மா போன் செய்தார். யோசித்துப் பார்த்தேன், போட்டோ இல்லாமல் ஒரு கடையில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்றார். கொடுக்கலாமா என்று வேலுத்தாயிடம் கேட்டேன். “குடுப்போம்க்கா, அவுக நல்லவுகதான். வேணும்னா பின்னால எம் பேரப் போட்டுக்கிடட்டும்” என்றாள். ஆகவே உன் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கார்டுக்குத்தான் வாக்குக் கொடுத்தாய், அந்த வாக்கை நாங்கள் காப்பாற்றிவிட்டோம். அவள் கைக்கு நீயும் வாக்குக் கொடுக்க முடியாது, நானும் கொடுக்க முடியாது. நீ தினமும் நோயாளிகளுக்குக் கட்டுப் போடுகிறவள், இதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

இதோடு சில கார்டுகள் அனுப்பியிருக்கிறேன், உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடு. காதை மூடாமல் வெளியே போகாதே, பருப்புப்பொடி தீர்ந்தால் சொல், வாரத்தில் ஒருநாளாவது தலைக்கு எண்ணெய் வை. குலசாமி துணையில் நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும், நோயில்லாமல் நீடூழி இரு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எனக்கு முன்னால் வேலுத்தாய் சித்தியிடம் பேசு. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே, அடுத்து என்ன கார்டு செய்கிறீர்கள் என்று கேள்.

என்றும் உன் அன்பு அம்மா,
சீ. பாண்டிச்செல்வி