தகரப்பெட்டிக்குள் வைத்த செபமாலை

உன் தங்கைக்கும் அதே தொல்லைதான். நேற்று, திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரி நர்சம்மா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு என்னிடமே சொன்னார். பிள்ளை பிறந்து நேற்றோடு இருபத்தேழு நாள். இருமினாலும் தும்மினாலும் அவளுக்குச் சிறுநீர் கசிகிறது. தாய்வீடு இல்லாத பெண், பேறுகாலத்துக்கு நம் வீட்டுக்கே வந்திருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் என்னிடம் சொல்வதாக நர்சம்மா சொன்னார்.

"உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக் குடுத்த அதே பயிற்சிதான் சார். எண்ணிக்கைக்கு எதுனா குடுங்க, இவளுக்கு எண்ணிக்கை நிக்க மாட்டேங்குது."

உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்தேன். என் பத்திரிகையின் பழுத்துப்போன நறுக்குகளுக்கு அடியில் உன் செபமாலை கிடந்தது. கறுப்பு மரமணிகள். உதிர்ந்துபோன ஒரு மணிக்குப் பதிலாக நீ கோத்த குன்றிமணி மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது.

நம் மகள் பிறந்தது யுத்தக் காலம், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷம். இரண்டு நாள் வலியில் கிடந்து பெற்றாய். நாற்பதாம் நாள் மாதா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கினாய். பூசை முடிந்து நீ எழுந்தபோது பாய் நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண் குரலைத் தணிக்காமலே கேட்டாள்.

"கொழந்த துணி காய்ஞ்சி கெடக்குது. பாய் மட்டும் இன்னாடி ஈரமா இருக்குது?"

"கொழந்ததாங்க்கா" என்று சிரித்தாய். ஆண்கள் பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது. வீடு வரை உனக்கு இருபது அடி முன்னால் நடந்தேன். பிள்ளையும் பாயும் உன் கையில்தான் இருந்தன.

அன்று நான் இரண்டு உத்தரவு போட்டேன். சரியாகும் வரை கோயிலுக்கு வரக் கூடாது. மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடிக்காவிட்டால் வராது என்பது என் கணக்கு. சந்தைக்கு எத்தனை மாடு வந்தது என்பதைக்கூட இரண்டு பேரிடம் கேட்டு எழுதுகிறவன், இதை ஒருவரிடமும் கேட்கவில்லை. பங்குனி வெயிலில் உன் உதடு வெடித்தது. பால் குறைந்தது. பிள்ளை அழுதுகொண்டே இருந்ததால்தான் நர்சம்மாவை அழைத்தோம்.

"பால் குடுக்கிறவளுக்குத் தண்ணிய நிறுத்துனது யாரு?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். நீ என் பக்கம் திரும்பாமலே, "நானாதான் நர்சம்மா" என்றாய்.

அவர் உன்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிள்ளை பெறும்போது அடியில் தளர்ந்துபோன தசையை மறுபடி இறுக்கப் பழக்க வேண்டும் என்று விளக்கினார். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கு, மூச்சை மட்டும் அடக்காதே, ஐந்து எண்ணி விடு, மறுபடி இறுக்கு. வேளைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. போகும்போது என்னிடம், "இது பாதி ஊருக்கு இருக்குது சார், ஒருத்தியும் வாயத் தொறக்கிறதில்ல. உங்க பேப்பர்ல நாலு வரி எழுதுங்களேன்" என்றார். இதெல்லாம் அச்சில் ஏறாது என்றேன்.

ஒரு சாயங்காலம் நீ சுவரில் சாய்ந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாய். உதடு அசையவில்லை.

"இன்னா செபம் இது?"

என்னிடம் உனக்குப் பொய் வராது. "செபம் இல்லீங்க. எண்ணிக்கைக்கு. ஒரு மணிக்கு ஒருவாட்டி."

"மாதா மாலைய இதுக்கா புடிச்ச? வெக்கமா இல்ல உனக்கு?"

"மாதாவும் புள்ள பெத்தவங்கதானே" என்றாய், சண்டைக்கு இல்லாமல், கூட்டல் கணக்குச் சொல்வது போல.

மாலையைப் பிடுங்கித் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

நீ அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் முறத்தில் மல்லாட்டைக் கடலை உரிக்க உட்கார்ந்தாய். ஒரு காய் உரித்து முடிக்கும் வரை இறுக்கம், அடுத்த காயை எடுக்கும் வரை தளர்வு. பத்துக் காய் ஆனதும் முறத்தைக் கீழே வைத்துவிடுவாய். அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்தேன்.

ஆகஸ்ட் மாத மாதா திருநாளுக்கு, என்னைக் கேட்காமல் கிளம்பினாய். பூசை முழுக்க முழங்காலில் இருந்தாய். வெளியே கூட்டத்தில் என் அருகில் வந்து, "இருமிக் காட்டட்டுமா?" என்று கண்ணைச் சிமிட்டினாய். ஐந்து மாதத்தில் நீயாகவே ஜெயித்த ஒன்று. யார் காதிலாவது விழுந்ததா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். நான் மறுபடி திரும்பியபோது உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

போன வருஷம் விஷக்காய்ச்சலில் நீ போனாய். சவப்பெட்டியில் உன்னை வைக்கும்போது கையில் சுற்ற உன் செபமாலையைக் கேட்டார்கள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. தகரப்பெட்டிக்குள் அது எப்படிப் போனது என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். "தெரியல, காணாம போச்சி" என்றேன். பக்கத்து வீட்டுக்காரி தன் மாலையைக் கழற்றிக் கொடுத்தாள். இரவல் மாலையோடுதான் உன்னை அனுப்பினேன்.

நேற்று உன் தங்கை அதைக் கையில் வாங்கியதும் குன்றிமணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்காவுது இல்ல இது? காணாம போச்சின்னீங்களே மாமா?"

"பெட்டியில இருந்துச்சி" என்றேன். உண்மைதான், முழு உண்மை இல்லை. இப்படி ஒரு வரியை வேறொருவன் என் பேப்பருக்கு எழுதி அனுப்பியிருந்தால் யார் வைத்தது, எப்போது, ஏன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். இன்று காலையும் வைத்தேன். அவள் மணியை உருட்டுகிறாள். நம் மகள் எதிரே உட்கார்ந்து, எதற்கென்று தெரியாமல், உரக்க எண்ணிக் கொடுக்கிறாள்.

மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும் என்கிறார் நர்சம்மா. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு அவளுக்கு நாற்பதாம் நாள். கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம், பாயை நான் எடுத்து வருகிறேன், கூடவே நடக்கிறேன் என்றேன். அந்த மாலை பெட்டிக்குள் எப்படிப் போனது என்பதை அதற்குள் அவளிடம் சொல்ல வேண்டும். இதை எழுதும் செவ்வாய்க்கிழமை மாலை வரை சொல்லவில்லை.