மேல்மடு மீன்

ஜூன் 2, திங்கள்

இன்று மீன்துறை உரிமக் கவுன்ட்டரில் என் முறை. ஒருவர் தன் மனைவி பேருக்கும் ட்ரவுட் மீன் பிடிக்க ஓர் உரிமம் கேட்டார். அந்த அம்மாள் தூண்டில் பிடிப்பாரா என்றேன். "அவளுக்கு மீன் வாசனையே ஆகாது மேடம். கையெழுத்து அவ போடுவா, மீனை நான் பிடிப்பேன். ரெண்டு பேர் கணக்குல எடுத்துக்கலாம்ல?" எவ்வளவு வெள்ளந்தியாகக் கேட்டார்! உரிமம் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை என்று சொல்லி அனுப்புவதற்குள் பின்னால் நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

பல் டாக்டர் மறுபடியும் புகார் எழுதியிருக்கிறார். தூண்டில் சங்கத்து ஆட்கள் ஆற்றில் என்ன செய்தாலும் ஆய்வாளர் அம்மா பார்க்காத மாதிரி போய்விடுகிறார் என்று. அதிகாரி காகிதத்தை என் மேசையில் போட்டு, "உங்க ரசிகர் எழுதியிருக்கார்" என்றார். சங்கத்துச் செயலாளர் என் அண்ணன். அவன் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். ஊருக்கே தெரியும். அதனால் பேசுகிறார்கள்.

எரிச்சலாக இருக்கிறது. இதுவரை யாரையும் நான் விட்டதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதினால் நெஞ்சு கொஞ்சம் அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் மேல்மடுவுக்கு ரோந்து போனேன். ஆற்றிலேயே கண்டிப்பான இடம் அதுதான். இறகில் கட்டிய பொய்ப்பூச்சி மட்டும்தான் போடலாம். கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கி மழுக்கியிருக்க வேண்டும். பிடித்த மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றி விட்டுவிட வேண்டும். மீறினால் அந்தப் பருவம் முழுக்க உரிமம் கிடையாது. இந்த விதிகளை எழுதி, துறையிடம் நடையாய் நடந்து ஒப்புக்கொள்ள வைத்தது சங்கம். சங்கம் என்றால் அண்ணன்.

பாறைக்குப் பின்னால் ஒருவர் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கிட்டே போனேன். அண்ணன். பக்கத்தில் ஒரு தகர டப்பா, அதற்குள் ஈரமண்ணும் புழுவும். பையின் வாயில் மீன் வால் ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் டப்பாவைக் காலால் மறைத்தான். ஐம்பத்தெட்டு வயது ஆள், பரீட்சையில் பிட்டு வைத்த பையனைப் போல.

"குட்டி... ஒண்ணே ஒண்ணுதான்."

ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "பின்பக்கமா போ" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அந்த வார்த்தை. அவன் சுருட்டிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டான்.

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தாலும் ஒரு பாவத்தோடு போயிருக்கும். திரும்பவில்லை. வளைவைத் தாண்டினால் பல் டாக்டர், முழங்கால் தண்ணீரில், என்னமோ ஆறே தன்னுடையது போல. உரிமம் கேட்டேன், காட்டினார். கொக்கியைக் கேட்டேன், கொடுத்தார். சட்டைக் கையில் குத்தி இழுத்தேன். துணியைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. எதிர்முள்.

அவர் குனிந்து கொக்கியைப் பார்த்தார். "புதுக் கொக்கி மேடம். அவசரத்துல அமுக்க மறந்துட்டேன். மீன் எதுவும் பிடிக்கக்கூட இல்ல."

வேறொருவராக இருந்திருந்தால் குறடைக் கொடுத்து அமுக்கச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்படிச் செய்யவும் விதியில் இடம் உண்டு. செய்யவில்லை. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு வழக்கு எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது: சந்தோஷமாக இருந்தது. என்னைப் பற்றியா புகார் எழுதுகிறாய், இந்தா.

சாயங்காலம் அண்ணி தட்டோடு மாடி ஏறி வந்தார். பொரித்த மீன். "அண்ணன் குடுக்கச் சொன்னாரு. சூடா சாப்பிடு."

சாப்பிட்டேன். முள்ளைக் கவனமாக எடுத்துவிட்டு முழுசாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 11, புதன்

மாடிப்படியில் அண்ணனும் நானும் எதிரெதிரே வந்தோம். இருவருமே வழிவிட்டு ஒதுங்கினோம். யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

சங்கத் தேர்தலில் அண்ணனை எதிர்த்து நிற்க ஒரே ஒருவர்தான் மனுப் போட்டிருந்தார். பல் டாக்டர். இன்று தள்ளுபடி செய்துவிட்டார்களாம். உரிமம் பறிபோனவர் போட்டியிட முடியாது, அதுவும் சங்கத்து விதி.

அவர் மனுப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் முதலில் சிரிப்பது நானாகத்தான் இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் போட்டியின்றித் தேர்வு. கூட்டத்துக்கு நானும் போக வேண்டியதாயிற்று, துறை சார்பில். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்க ஆரம்பித்தான். காகிதம் படபடத்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்து ஒருவர் எழுந்து போய் அதை நிறுத்தினார். அப்புறமும் படபடத்தது. அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பேசினான். "நம்ம ஆத்துல மீன் இருக்குன்னா அதுக்குக் காரணம் நம்ம விதி. விதி எல்லாருக்கும் ஒண்ணு." கைதட்டல்.

நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தாரே.

ஜூலை 9, புதன்

கடைவாய்ப் பல். இரண்டு நாளாக வலி, இன்று கன்னமே வீங்கிவிட்டது. ஊரில் இருப்பது ஒரே ஒரு பல் டாக்டர். கடவுளுக்கும் குசும்பு உண்டு போல.

ஜூலை 10, வியாழன்

போகாமல் முடியவில்லை. தண்ணீர் குடித்தாலே உயிர் போகிறது.

சின்ன அறை. சன்னல் ஓரமாக அவருடைய தூண்டில் கோல், உறைக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தார். நாற்காலியில் படுத்தால் அது நேராகக் கண்ணில் படுகிறது. அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஊசி போட்டார், பஞ்சு வைத்தார், வாயை அகலத் திறக்கச் சொன்னார். அப்புறம்தான் ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் மேடம். இப்ப சொன்னாத்தான் நீங்க குறுக்க பேச மாட்டீங்க."

எனக்கு நாற்காலியின் கைப்பிடி வழுக்கியது.

"அன்னைக்கு எனக்குச் சரியான கோபம். வீட்டுக்குப் போய் யோசிச்சேன். இந்த எதிர்முள் பத்தி ஆபீசுக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்? நானே மறந்துட்டேன். நீங்க கண்டும் காணாம விட்டிருக்கலாம். விடல. இந்தப் பொண்ணு யாரா இருந்தாலும் விடாதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. உங்க மேல குடுத்த புகாரை நேத்து வாபஸ் வாங்கிட்டேன். தப்பா நினைச்சிருந்தேன், மன்னிச்சுக்கங்க."

வாய் நிறையப் பஞ்சு. என்னால் என்ன சொல்ல முடியும்? கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"வலிக்குதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவர் இன்னொரு ஊசி போட்டார்.

ஜூலை 11, வெள்ளி

பல் போய்விட்டது. வலியும் போய்விட்டது. அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மனுஷன் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே. என்னிடம்!

ஜூலை 13, ஞாயிறு

அண்ணனிடம் பேசிவிட்டேன். அண்ணி கடைக்குப் போன நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். அவன் கொட்டகையில் பெட்டி பெட்டியாகப் பொய்ப்பூச்சிகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் கையால் கட்டியவை.

"நீயே ஆபீசுக்கு வந்து சொல்லிடு" என்றேன். "நீ சொல்லலேன்னா நான் எழுதிடுவேன்."

முதலில் சிரித்தான். அப்புறம் கத்தினான். "ஒரு மீனுக்கா? கூடப் பொறந்தவன் மேலயா கேஸ் போடப்போற? அந்தப் பல் பிடுங்கி உனக்கு என்ன சொக்குப்பொடி போட்டான்?"

"ஏண்ணா புழு போட்ட? பூச்சி போடத் தெரியாதவனா நீ?"

ஒரு பூச்சியை எடுத்து நீட்டினான். பிடிக்கப் போனேன். பூச்சி அவன் விரல்களுக்கு நடுவே, உயிருள்ளது மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"போன வருஷத்துலேர்ந்து" என்றான். "கோலை வீசினா கயிறு எங்கேயோ போய் விழுது. இந்தப் பருவத்துல ஒண்ணுகூட மாட்டல, குட்டி. ஒண்ணுகூட. புழுன்னா சும்மா போட்டுட்டு உக்காந்திருக்கலாம். புழு போட விடுற கீழ்மடுவுல போய் சின்னப் பசங்களோட உக்கார எனக்கு... உங்கண்ணிக்கு இன்னும் தெரியாது."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் முறிந்து ஒரே ஒரு பெட்டியோடு நான் வாசலில் வந்து நின்ற அன்று, ஒரு கேள்வி கேட்காமல் மாடியைத் திறந்துவிட்ட கை. இந்தக் கையைப் பற்றியா நான் எழுதப்போகிறேன்?

இருந்தும் சொன்னேன். "டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா எழுதாம இருக்க முடியாதுண்ணா."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

ஜூலை 14, திங்கள்

எழுதிவிட்டேன். இரண்டு வழக்கு. செயலாளர் மேல் ஒன்று, தெரிந்தே விட்டதற்காக என் மேல் ஒன்று.

அதிகாரி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆதாரம் எங்கம்மா? மீன் எங்க?"

"சாப்பிட்டுட்டேன் சார்."

"யாரு?"

"நான்தான்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நடந்தது நடந்துபோச்சு. கிழிச்சுப் போட்டுடறேன், நீங்க ஆத்துக்குப் போங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அப்படியே வெளியே வந்துவிட எனக்கும் ஆசை இருந்தது. கால் கதவுப் பக்கம் திரும்பவே செய்தது. "வேண்டாம் சார், மேல அனுப்பிடுங்க" என்று சொன்ன குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

ஜூலை 18, வெள்ளி

பல் டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். ஊர் வாயால் தெரியவரும் முன்பு.

முழுக்கக் கேட்டார். மனிதர் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லுவார் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்திருந்தது போல. வெட்கக்கேடு. அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிருந்தா ஊசி போடாமலே பிடுங்கியிருப்பேன்" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணன் பதவியை விட்டுவிட்டான். உரிமமும் போயிற்று. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஊதிய உயர்வு ஒரு வருடத்துக்குக் கிடையாது. பல் டாக்டர் தன் உரிமத்தைத் திருப்பிக் கேட்டார். தரவில்லை. முள் இருந்தது இருந்ததுதானே என்றார்கள். அது சரி. எல்லாமே சரியாகத்தான் நடந்திருக்கிறது, எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்பார்கள். யார் சொன்னது? முன்பு டாக்டரை நினைத்துக் குறுகுறுத்தது. இப்போது அண்ணனை நினைத்தும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணி மாடிக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நேத்து நரம்பு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம். மாத்திரையில மட்டுப்படுமாம், சரியாகாதாம்." நான் உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "நீ செஞ்சது சரிதான். நான் தப்புன்னு சொல்லல. உன் மூலமாத்தான் எனக்கு அவரு கை நடுங்குறதே தெரிஞ்சுது. ஆனா கொஞ்ச நாளைக்கு உன் முகத்தைப் பார்க்க முடியலம்மா."

வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டுமா என்றேன்.

"போன்னு யாரு சொன்னா?" என்று கோபப்பட்டார். படியிறங்கும்போது அழுதார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பருவம் முடிந்தது. மீன்கள் முட்டையிட மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. இனி வசந்தம் வரை யாரும் தூண்டில் போடக்கூடாது. மேல்மடுவில் ஒரு பெண்மீன் வாலால் சரளையைத் தோண்டிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது சொல்லலாம் போல இருந்தது. சொல்ல இருந்தவன் ஒருவன்தான்.

டிசம்பர் 12, வெள்ளி

சங்கத்தின் புதிய செயலாளர் பல் டாக்டர்; பருவத்தோடு அவர் தடையும் முடிந்துவிட்டது. முதல் வேலையாக எங்கள் கவுன்ட்டர் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று புகார் எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன். பிந்தித்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கீழே அண்ணன் ஏதோ சொல்லிச் சிரித்த சத்தம் கேட்டது. என்ன சொன்னான் என்று தெரியவில்லை. படியில் இறங்கிப் பாதியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பருவத் திறப்பு. கரை முழுக்க ஆட்கள். மேல்மடுவில் பல் டாக்டர் நான் கேட்பதற்கு முன்பே கொக்கியை நீட்டினார். துணியில் குத்தி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. "சரி" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள்.

கீழ்மடுவில் புழு போடலாம். பிள்ளைகளும் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களும் கூச்சலாக இருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கம், கரையில் ஒரு மடக்கு நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இந்த வருடம் உரிமம் வாங்கியிருப்பதே எனக்குத் தெரியாது. என் விடுமுறை நாளில் வந்து வாங்கியிருக்கிறான்.

கயிற்றில் கொக்கியைக் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நுனி ஓட்டைக்குப் பக்கத்தில் போகும், விலகும். மறுபடியும் போகும், விலகும். நான் கடந்துபோய்விடலாம் என்றுதான் நடந்தேன். பக்கத்தில் போனதும், தலை நிமிராமலே கொக்கியையும் கயிற்றையும் என் பக்கம் நீட்டினான்.

மண்டியிட்டு உட்கார்ந்து கட்டிக் கொடுத்தேன். முடிச்சை இழுத்துப் பார்த்தான். "ம்" என்றான். ஜூலைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அதுதான்.

எழுந்தேன். போய்விட்டிருக்கலாம். கரையில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; பார்க்காவிட்டாலும்தான் என்ன?

"லைசென்ஸ் காட்டுண்ணா."

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா, என்னால் படிக்க முடியவில்லை.

"கட்டுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்" என்றான்.

சட்டைப் பையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். விரல் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. எனக்குக் கை பரபரத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் எடுத்துத் தரும் வரை, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.